கர்ப்பிணியின் காலண்டர், கோணான்குப்பத்து மாதா, திண்டிவனத்து இரவு: தெரியுமா உங்களுக்கு?

காலண்டரை எடுத்து மார்ச் 25-ல் விரலை வையுங்கள். அங்கிருந்து டிசம்பர் 25 வரை மாதங்களை எண்ணுங்கள். சரியாக ஒன்பது! கபிரியேல் தூதர் மரியாளிடம் வந்து செய்தி சொன்ன திருநாள் மார்ச் 25. கிறிஸ்துமஸ் டிசம்பர் 25. ஒரு தாய் பிள்ளையைச் சுமக்கிற காலம் முழுவதும் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே இருக்கிறது! இன்னும் கேளுங்கள். மரியாளுக்குச் செய்தி வந்தபோது எலிசபெத்துக்கு ஆறாம் மாதம் என்கிறார் லூக்கா. அந்தக் கணக்குப்படி மூன்று மாதம் தள்ளி, ஜூன் 24-ல் யோவான் ஸ்நானகனின் பிறந்த நாள். மரியாள் தன் தாய் அன்னம்மாளின் வயிற்றில் உருவானதை நினைக்கும் அமல உற்பவத் திருநாள் டிசம்பர் 8; மரியாள் பிறந்த திருநாள் செப்டம்பர் 8. அங்கேயும் ஒன்பது மாதம்! திருச்சபையின் ஆண்டுக்குள் மூன்று தாய்மார்கள் பிள்ளைக்காகக் காத்திருக்கிறார்கள். நம்மில் பாதிப் பேர் இதைக் கவனித்ததே இல்லை.

செப்டம்பர் 8 என்றதும் கடலூர்க்காரர்களுக்கு என்ன நினைவு வரும்? வேளாங்கண்ணி மாதா திருவிழா! ஆகஸ்ட் 29-ல் அங்கே கொடியேறுவதற்கு முன்பே இங்கே சாலை காவி நிறமாகிவிடும். சென்னையிலிருந்து புறப்பட்டவர்கள் கடலூரைத் தாண்டி, சிதம்பரத்தைத் தாண்டி, கொள்ளிடப் பாலத்தில் ஏறி, சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று நடந்துகொண்டே இருப்பார்கள். கூடவே ஒரு தள்ளுவண்டியில் மாதா வருவார். வழியில் மோர் கொடுப்பவர்களும் தண்ணீர் கொடுப்பவர்களும் எந்த மதம் என்று கேட்பதில்லை. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் பிள்ளை வரம் கேட்டு நடக்கிறார்கள், எத்தனை பேர் பிறந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நன்றி சொல்ல நடக்கிறார்கள்! வேளாங்கண்ணியில் சின்னஞ்சிறு தொட்டில் கட்டி வேண்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் கொண்டுவந்து கொடுத்த வெள்ளித் தொட்டில்களும் குழந்தை உருவங்களும் அங்குள்ள காணிக்கை அருங்காட்சியகத்தில் அடுக்கியிருக்கின்றன.

சரி, மரியாள் எவ்வளவு தூரம் நடந்தார் தெரியுமா? நாசரேத்தில் செய்தி கேட்ட அந்த இளம்பெண் உடனே புறப்பட்டு யூதேயா மலைநாட்டில் இருந்த எலிசபெத்தின் வீட்டுக்குப் போனார். மரபு அந்த ஊரை எருசலேமுக்குப் பக்கத்தில் உள்ள அயின் கரீம் என்று சொல்கிறது. நூறு கிலோமீட்டருக்கும் மேல்! கடலூரில் கிளம்பி நாகப்பட்டினம் பக்கம் வரை போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் மலைப்பாதையில், கர்ப்பத்தின் முதல் நாட்களில், பஸ் இல்லாத காலத்தில்! வானதூதரே நேரில் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றுகிறது அல்லவா? ஆனால் மரியாள் வீட்டில் உட்காரவில்லை. ஏற்கெனவே ஆறு மாதம் சுமந்துகொண்டிருந்த, வயதில் மூத்த ஒரு உறவுக்காரப் பெண்ணைத் தேடிப் போனார். போய் ஏறக்குறைய மூன்று மாதம் அவரோடு தங்கினார். விசுவாசம் என்றால் தனியாகத் தாங்கிக்கொள்வது என்று நினைக்கிற பெண்களுக்கு இந்த ஒரு பயணத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். நம்பிக்கை துணையைத் தேடிப் போகும். முதல் நாளே போகும்.

அந்த வீட்டு வாசலில் நடந்ததையும் பாருங்கள். மரியாளின் குரல் கேட்டதும் எலிசபெத்தின் வயிற்றுப் பிள்ளை துள்ளியது. இயேசுவைக் கண்டு சந்தோஷப்பட்ட முதல் ஆள் இன்னும் பிறக்காத ஒரு குழந்தை! இன்றைய மருத்துவம் என்ன சொல்கிறது? ஏறக்குறைய ஆறாம் மாதத்தில்தான் கருவிலிருக்கும் குழந்தை வெளிச் சத்தத்துக்கு அசைந்து காட்டத் தொடங்குகிறது. லூக்கா சொன்ன அதே ஆறாம் மாதம்! 1980-ல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளைச் சோதித்தார்கள். சப்புகிற வேகத்தை மாற்றினால் அம்மாவின் குரல் கேட்கும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். குழந்தைகள் அம்மாவின் குரலைக் கேட்பதற்காகவே வேகத்தை மாற்றிக்கொண்டன! ஆகவே பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருக்கிற கர்ப்பிணிகளே, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். உள்ளே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நான்கு சுவிசேஷங்களில் இந்தக் கர்ப்ப கால விவரங்களை இவ்வளவு பொறுமையாக எழுதியவர் லூக்கா ஒருவரே. எலிசபெத்து ஐந்து மாதம் வெளியே தெரியாமல் இருந்ததைக்கூடக் குறித்து வைத்திருக்கிறார். அவர் யார்? பவுல் தன் கடிதத்தில் வைத்தியர் என்று குறிப்பிடுகிற அதே லூக்கா என்பதுதான் மரபு. டாக்டர் கேட்டு எழுதிய கதை!

இப்போது நம் கடலூர் மாவட்டத்துக்குள் வாருங்கள். விருத்தாசலம் அருகே கோணான்குப்பம். இங்கே புடவை கட்டிய ஒரு மாதா இருக்கிறார் தெரியுமா? பெரியநாயகி அன்னை! விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் அம்மனுக்கும் பெரியநாயகி என்றே பெயர். அந்த மண்ணில் தாய்க்கு வழங்கிவந்த பெயரையே இந்தத் தாய்க்கும் சூட்டியவர் இத்தாலியில் 1680-ல் பிறந்து 1711-ல் தமிழகம் வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நமக்கு அவர் வீரமாமுனிவர்.

அந்தக் கோயில் எழுந்த கதையின் நடுவே ஒரு பிள்ளைக்கான ஏக்கம் இருக்கிறது. தலவரலாறு சொல்வது இது: மாதாவின் சிறு சொரூபத்தோடு நடந்துவந்த முனிவர் காட்டு வழியில் ஒரு மரத்தடியில் களைத்துத் தூங்கிவிட்டார். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன்கள் அதை எடுத்துப் புதருக்குள் ஒளித்துவைத்தார்கள். விழித்தவர் தேடித் தேடிக் கிடைக்காமல் போய்விட்டார். பக்கத்து முகாசாபரூரை ஆண்ட கச்சிராயருக்குப் பிள்ளை இல்லை. அவருடைய கனவில் மாதா தோன்றி, தான் காட்டில் கிடப்பதையும் தனக்கு ஒரு கோயில் வேண்டும் என்பதையும் சொன்னார். கச்சிராயர் தேடி எடுத்துச் சிறு கோயில் கட்டினார். அவர் வீட்டில் குழந்தை பிறந்தது. பிறகு வந்த முனிவர் தான் தொலைத்த மாதா ஏற்கெனவே ஊருக்குத் தாயாகிவிட்டதைக் கண்டு, அங்கே பெரிய ஆலயம் எழுப்பினார். கச்சிராயர் கிறிஸ்தவர் இல்லை என்பதைக் கவனியுங்கள்! ஒரு பிள்ளைக்காக ஏங்கிய மனிதர், அவ்வளவுதான். இன்றைக்கும் ஜனவரியில் நடக்கும் அன்னையின் திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள்.

ஆனால் கோணான்குப்பத்தைவிட என்னை அசரவைப்பது முனிவரின் தேம்பாவணி. 1726-ல் முடித்த காவியம். 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். அதன் தலைவன் யார்? இயேசு இல்லை, மரியாளும் இல்லை. யோசேப்பு! வளன் என்று தமிழ்ப் பெயர் கொடுத்திருக்கிறார். அதாவது, குழந்தைக்காகக் காத்திருக்கும் ஒரு தகப்பனை நாயகனாக வைத்துத் தமிழில் ஒரு பெருங்காப்பியமே இருக்கிறது! அதில் இரண்டு படலங்களின் பெயரை மட்டும் சொல்கிறேன்: ஐயம் தோற்று படலம், ஐயம் நீங்கு படலம். மரியாள் கருவுற்றிருப்பதை அறிந்து யோசேப்பு தவிக்கிற தவிப்புக்கு ஒரு முழுப் படலம். அது தீர்வதற்கு இன்னொன்று. மத்தேயு சில வசனங்களில் சொல்லி முடித்ததை முனிவர் இவ்வளவு விரித்தார். சந்தேகப்பட்டதற்காக யோசேப்பைக் காப்பியத் தலைவனாக்காமல் விட்டுவிடவில்லை! ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பயத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் செல்போனையே பார்த்துக்கொண்டிருக்கிற கணவன்மார்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

அதே 1726-க்கு இன்னொரு ஆச்சரியம் உண்டு. முனிவர் தேம்பாவணியை முடித்த அந்த ஆண்டு ஏப்ரலில், அவர் பிறந்த இத்தாலியின் தெற்கே ஒரு மலையூரில் ஒரு தையல்காரருக்கு மகன் பிறந்தான். உலகமெங்கும் கத்தோலிக்கக் கர்ப்பிணிகள் வேண்டிக்கொள்கிற புனித ஜெரார்டு மஜெல்லா! 29 வயதில், 1755-ல் இறந்தார். 1904-ல் புனிதர் பட்டம். அவர் ஒரு வீட்டில் கைக்குட்டையை விட்டுப் போனாராம். எடுத்துக்கொண்டு ஓடிவந்த பெண்ணிடம், வைத்துக்கொள், ஒருநாள் உதவும் என்றாராம். பின்னாளில் பிரசவத்தில் உயிருக்குப் போராடியபோது அவள் அதைக் கேட்டு வாங்கிப் பிடித்துக்கொள்ள, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது.

தமிழ் முதன்முதலாக அச்சேறியது எங்கே தெரியுமா? 1554, லிஸ்பன்! தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்ட கார்த்தில்யா என்ற சிறு செப நூல். அதில் இருந்த செபங்களில் ஒன்று மங்கள வார்த்தை செபம். கபிரியேல் தூதரின் வாழ்த்தும், கர்ப்பிணியான எலிசபெத்து கர்ப்பிணியான மரியாளை வாழ்த்திய வாழ்த்தும் சேர்ந்து உருவானது அது. தமிழ் அச்சின் முதல் பக்கங்களிலேயே இரண்டு தாய்மார்கள்! இன்றைக்கும் ஒரு ஜெபமாலை சொல்லி முடிப்பதற்குள் அந்த இரண்டு பேருடைய சந்திப்பை ஐம்பது தடவைக்கு மேல் நினைத்துவிடுகிறோம்.

வேதாகமத்துக்குள் இன்னும் எத்தனை! யாத்திராகமத்தில் எகிப்தை ஆண்ட பார்வோனின் சொந்தப் பெயர் இல்லை. அவன் உத்தரவை மீறி எபிரெயப் பிள்ளைகளைக் காப்பாற்றிய இரண்டு மருத்துவச்சிகளின் பெயர் இருக்கிறது. சிப்பிராள், பூவாள்! ராஜாவை விட்டுவிட்டுப் பிரசவம் பார்த்தவர்களைப் பதிவுசெய்த புத்தகம் அது. ரெபெக்காள் வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள் மோதிக்கொண்டபோது, எனக்கு ஏன் இப்படி என்று நேராகக் கடவுளிடமே போய்க் கேட்டாள், பதிலும் வந்தது. மரியாளும் கலங்கினார், இது எப்படி ஆகும் என்று கேட்டார், தூதர் கோபிக்கவில்லை. பயப்படுகிறவளுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு பேரையும் எடுத்துக் காட்டுங்கள்.

இனி திண்டிவனத்துக்கு வருவோம். கடலூரைத் தலைநகரமாகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில்தான் அன்று திண்டிவனம் இருந்தது. அமெரிக்க மிஷன் டாக்டர் ஜான் ஸ்கடர் அங்கே பணிசெய்தார். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்து அமெரிக்காவில் படித்த அவர் மகள் ஐடா, உடல் நலமில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள இங்கே வந்திருந்தார். மிஷனரி வேலை தனக்கு வேண்டாம், சீக்கிரம் திரும்பிவிட வேண்டும் என்பதே அவர் எண்ணம். 1890-களின் தொடக்கத்தில் ஒரு ராத்திரி. ஒரு பிராமண இளைஞர் வாசலில் வந்து நின்றார். மனைவி பிரசவ வேதனையில் கிடக்கிறாள், நீங்கள் வர வேண்டும். ஐடா சொன்னார், நான் டாக்டர் இல்லை, என் அப்பாதான் டாக்டர், அவரோடு நானும் வருகிறேன். அந்நிய ஆண் என் மனைவியைப் பார்ப்பதற்கு அவள் சாவதே மேல் என்று சொல்லி அவர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம். அதே வேண்டுகோள், அதே பதில். பிறகு மூன்றாவதாக இன்னொரு இந்து. அதே! ஐடா அன்று தூங்கவில்லை. விடிந்ததும் ஊருக்குள்ளிருந்து பறைச்சத்தம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தார்கள். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

மூன்று பேர். ஒரே ராத்திரி. ஜெபம் செய்துகொண்டே விடியவைத்த அந்தப் பெண், அடுத்த நாள் பெற்றோரிடம் போய் டாக்டராகிறேன் என்றார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம், 1900-ல் வேலூர், 1902-ல் 40 படுக்கைகளோடு பெண்களுக்கான மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பெண்கள் தேறுவார்களா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். முதல் ஆண்டுத் தேர்வு எழுதிய 14 பேரும் தேறினார்கள்! இன்று உலகறிந்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் வேர் தென்னார்க்காட்டின் ஒரு பிரசவ ராத்திரியில் இருக்கிறது. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று ஐடா அன்று தூங்கப் போயிருக்கலாம். அவர் கடவுளை நம்பியதால்தான் தூங்கப் போகவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்றும் சில இடங்களில், விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு, ஸ்கேன் எதற்கு என்று கர்ப்பிணியிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் 2018–20 கணக்குப்படி ஒரு லட்சம் பிறப்புக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்தியா முழுவதற்கும் அந்த எண் 97. இந்த வித்தியாசத்தை உண்டாக்கியதில் ஒவ்வொரு கிராம சுகாதார செவிலியரின் நடைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கிற ஒவ்வொரு பிரஷர் சோதனைக்கும் பங்கு உண்டு. கடும் தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது, ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது, பிள்ளை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் முதலில் 108. ஜெபத்தை ஆம்புலன்ஸில் போய்க்கொண்டே சொல்லலாம். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால், தேதி நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்த்துவிடுவது நம் கடலோர மாவட்டங்களின் வழக்கம். புயல் தெரிந்த ஊர் கற்றுக்கொண்ட பாடம் அது.

கிறிஸ்தவ வீட்டு வளைகாப்பு பார்த்திருக்கிறீர்களா? ஏழாம் மாதம், அல்லது ஒன்பதாம் மாதம். தட்டு நிறையப் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். போதகரோ ஃபாதரோ ஒரு சங்கீதம் வாசித்து, வளையல் தட்டின் மேல் கைவைத்து ஜெபிப்பார். அப்புறம் பிள்ளை பெற்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து கன்னத்தில் சந்தனம் தடவி, மணிக்கட்டைச் சற்று அழுத்திப் பிடித்து வளையலை ஏற்றுவார்கள். ஏறாத வளையலுக்குச் சோப்பு நுரை. பெரியம்மா ஒருவர், பயப்படாத கண்ணு, எனக்கு மூணும் சுகப்பிரசவம்தான் என்பார். கூடவே யாராவது ஒரு அத்தை, எனக்கு ஆபரேஷன்தான், நல்லாத்தானே இருக்கேன் என்பார். எலிசபெத்து வீட்டில் மரியாளுக்கு என்ன நடந்திருக்குமோ அதுவே இங்கேயும் நடக்கிறது! பிறகு புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல். அன்றே அம்மா வீட்டுக்குப் பயணம். இந்த வழக்கம் சபைக்கு ஆகாது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அந்த வாதம் ஒட்டவில்லை. கர்ப்பிணியைச் சுற்றி இத்தனை பெண்கள் உட்காருவது ஜெபத்துக்கு விரோதமாக எப்படி ஆகும்?

பிள்ளை வராதவர்களை, வந்து போனவர்களை இந்த ஆச்சரியங்களுக்கு நடுவே மறக்க முடியாது. வேண்டியும் கிடைக்காதவளுக்கு விசுவாசம் போதவில்லை என்று கோணான்குப்பத்துக் கதையிலிருந்து யாரும் கணக்குப் போடக் கூடாது. பெத்லகேமுக்குப் போகிற வழியில்தான் ராகேல் பிரசவத்தில் இறந்தாள். ஆதியாகமம் அதை மறைக்கவில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, தேவனாம்பட்டினத்திலும் நம் கரையோரக் குப்பங்களிலும் கடல் உள்ளே வந்தது. அப்புறம் நடந்தது பலருக்கு ஞாபகம் இல்லை. பெற்ற பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த தாய்மார்களுக்கு, கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவைச் சிகிச்சைக்குத் தமிழக அரசு உதவியது. அப்படி மீண்டும் கருவுற்றவர்கள் உண்டு. இணைத்தும் கிடைக்காதவர்களும் உண்டு. இருவரையும் தேடிப்போய் உட்கார ஆள் வேண்டும்.

கடைசியாக ஒன்று. டிசம்பர் 25-லிருந்து நாற்பதாம் நாள் எது தெரியுமா? பிப்ரவரி 2! குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுபோன திருநாள். மோசேயின் சட்டப்படி பிரசவித்த தாய் ஓர் ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும்; வசதி இல்லாதவள் இரண்டு பறவைகள் கொண்டுவந்தால் போதும். மரியாள் கொண்டுபோனது பறவைகளை! ஆகவே வரம் கிடைத்ததற்காகக் கடன் வாங்கி வெள்ளித் தொட்டில் செய்யப் போகிற அம்மாக்களே, கொஞ்சம் பொறுங்கள். அரசின் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் வருகிற 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி உங்கள் சாப்பாட்டுக்கானது. அதிலிருந்து நேர்ச்சைக்கு எடுக்காதீர்கள். நாற்பதாம் நாள் பிள்ளையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போங்கள். கையில் ஒரு மெழுகுவர்த்தி போதும்.